பழைய காருக்குப் புது ஸ்டார்ட்டர்: முதல்ல பல்லைப் பாருங்க

1949-ல் எண்ணூர் அசோக் மோட்டார்ஸ் பூட்டி வெளியிட்ட ஆஸ்டின் ஏ40 ஆகட்டும், அந்தக் காலத்து எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் ஆகட்டும், ஸ்டார்ட்டர் மோட்டார் இனெர்ஷியா வகைதான். மோட்டார் சுற்றும் வேகத்திலேயே பெண்டிக்ஸ் பல்சக்கரம் பாய்ந்து ஃப்ளைவீல் ரிங் கியரைப் பிடிக்கும். இப்போ கிடைக்கிற கியர் ரிடக்‌ஷன் மோட்டாரில் சாலினாய்டு முதலில் பல்லைத் தள்ளிக் கோத்துவிடும். அப்புறம்தான் மோட்டார் முழு வேகத்தில் சுற்றும். எடையும் குறைவு, கரண்ட்டும் குறைவாக இழுக்கும்.

ஆனா, போல்ட் துளை பொருந்தினா போதும்னு வாங்கிடாதீங்க. பல்லின் அளவு, சுற்றும் திசை, பல் நுழையும் பக்கம் மூணும் ஒத்துப்போகணும். ரிங் கியர் பல்லைச் சரித்துச் சீவியிருக்கும் பக்கமும் அதுவாகவே இருக்கணும். இல்லேன்னா ரெண்டு பல்லும் மோதித் தேயும். ரிங் கியரை மாத்தணும்னா கியர்பாக்ஸையே இறக்கணும்.