ரவுட்டருக்கும் காலாவதித் தேதி

2016 நவம்பர் கடைசியில் பிரிட்டனில் டாக்டாக், போஸ்ட் ஆபீஸ் இணைய வாடிக்கையாளர்கள் பலருக்கு இணைப்பு அறுந்தது; போஸ்ட் ஆபீஸ் தரப்பில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர். கோளாறு கேபிளில் இல்லை. வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக் கிடந்த ரவுட்டர்களை மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை குறிவைத்திருந்தது. தொலைவிலிருந்து பராமரிப்பதற்காகத் திறந்திருந்த 7547 என்ற போர்ட்தான் அதற்கு வாசல். அணைத்துப் போட்டால் மிராய் நினைவகத்திலிருந்து அழிந்துவிடும், ஆனால் ஓட்டை இருக்கும்வரை மறுபடியும் தொற்றும். மருந்து, அப்டேட் ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் லண்டன் நாடாளுமன்றம் 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுச் சாதனங்களுக்கு எதுவரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மீறினால் 1 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் குறைந்தது எத்தனை ஆண்டு என்பதில் அது வாய் திறக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சட்டமாவது பொதுவாக 5 ஆண்டு என்கிறது. அதன் முக்கிய விதிகள் 2027 டிசம்பரில்தான் அமலாகும்.

தேதியை விட முக்கியமானது, ஒரு அப்டேட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. ரவுட்டருக்காகச் சிப் நிறுவனம் தரும் லினக்ஸ் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் கருவில், அந்நிறுவனத்தின் சொந்தத் திருத்தங்கள் ஏராளம். அவை மூல கெர்னலில் சேராமலே கிடக்கும். மூன்றாண்டு சும்மா இருந்துவிட்டுப் புதிய பதிப்புக்குத் தாவினால் டிரைவர் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். பயந்துபோய் இன்னும் தள்ளிப்போடுவார்கள், தாண்ட வேண்டிய தூரம் இன்னும் கூடும். ‘ஓடுகிற எந்திரத்தில் கை வைக்காதே’ என்று பொறியாளர்கள் சொல்வது வெறும் சோம்பல் அல்ல. பாதி அப்டேட்டில் மின்சாரம் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும். அதற்கும் வழி உண்டு. நினைவகத்தை இரு பகுதியாக்கி, ஒன்று ஓடும்போதே மற்றதில் புதியதை எழுதலாம். அது சரியாக எழும்பாவிட்டால் பழையதற்கே திரும்பலாம். செலவு, கொஞ்சம் கூடுதல் ஃபிளாஷ்.

பழைய கெர்னலிலேயே ஓட்டையை மட்டும் அடைத்தால் போதாதா? ஓரளவு போதும். லினக்ஸ் அறக்கட்டளையின் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் சில கெர்னல்களைப் பத்தாண்டு வரை காக்க முனைகிறது. ஆனால் அந்தத் திருத்தத்தை எடுத்துத் தன் சாதனத்தில் ஏற்ற நிறுவனத்தில் ஆள் வேண்டுமே! நீண்டகாலக் கெர்னல்களுக்கான ஆதரவை 6 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைப்பதாக லினக்ஸ் கெர்னல் தரப்பு 2023-இல் அறிவித்தபோது சொன்ன காரணமே, பழையவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை என்பதுதான். ஆகவே லண்டன் அடுத்துக் கேட்க வேண்டியது, ஆதரவு முடியும் தேதியோடு கடைசி அப்டேட் வந்த தேதியையும்.