உங்களுக்குத் தெரியுமா? வைரஸை எழுப்பும் புழு!

சோழவரம் ஏரிக்கரையின் ஈர மண்ணில் வெறுங்காலோடு விளையாடிய பிள்ளைக்கு விரலிடுக்கில் நமைச்சலா? கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து நுழைந்திருக்கலாம். பிறகு குடலுக்குப் போய்த் தங்கும் அந்தப் புழுவை விரட்ட உடல் இன்டர்லூக்கின்-4 என்ற புரதத்தைச் சுரக்கிறது. உடலில் உறங்கும் வைரஸை அடக்கிவைக்கும் இன்டர்ஃபெரான்-காமாவின் கையை அதே புரதம் கட்டிப்போடுகிறது. காவல் புழுவின் பக்கம் திரும்பியதும் வைரஸுக்கு வழி கிடைக்கிறது!

2014-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் கண்டார்கள். புழுத் தொற்று வந்ததும், உறங்கிக் கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ் விழித்துப் பெருகியது. மனித உடலில் கணக்கு இன்னும் சிக்கலானது, வைரஸுக்கு வைரஸ் மாறும்.

ஆகவே, புழுவை விரட்டத் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மருந்தைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். 400 மில்லிகிராம் மாத்திரை, நன்றாக மென்று விழுங்க வேண்டும். 1 முதல் 2 வயதுக் குழந்தைக்கு அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில் கலந்து.