தேங்கிய தண்ணீர் இன்ஜினையே பிளக்கும்! - குளிர்காலத்துக்குப் படகைத் தயார்செய்யும் மினசோட்டா

அமெரிக்காவின் வடக்கே, கனடா எல்லையை ஒட்டியிருக்கும் மாநிலம் மினசோட்டா. 'பத்தாயிரம் ஏரிகளின் மாநிலம்' என்பது அதன் செல்லப்பெயர். வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். உண்மைக் கணக்கு அதைவிட அதிகம். 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளே அங்கு 11,842 இருக்கின்றன.

இத்தனை ஏரிகள் இருந்தால் வீட்டுக்கு வீடு படகு இருக்கத்தானே செய்யும்? கோடை விடுமுறையில் மீன்பிடிக்க, பிள்ளைகளோடு நீர்ச்சறுக்கு விளையாட, சும்மா ஒரு சுற்று சுற்றிவர என்று மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஏரிகள் களைகட்டும். அக்டோபர் பிறந்ததும் காட்சி மாறிவிடும். ஒவ்வொரு படகாக ட்ரெய்லரில் ஏறிக் கரைக்கு வந்துவிடும்.

காரணம், அடுத்து வரப்போகும் குளிர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் என்பதெல்லாம் அங்கே சாதாரணம். படகு ஓடிய அதே ஏரியின் மேல் டிரக்கை ஓட்டிப்போய், பனியில் துளை போட்டு மீன்பிடிப்பார்கள். அந்தக் குளிரில் கரையேறிய படகை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும்? ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள இன்ஜின், ஒரே இரவில் பழைய இரும்பாகிவிடலாம்!

தண்ணீர்தான் வில்லன்

கண்ணாடி பாட்டிலில் தண்ணீரை முழுக்க நிரப்பி, மூடி, ஃப்ரீசரில் வைத்து மறந்துபோனவர்களுக்கு இது உடனே புரியும். பெரும்பாலான திரவங்கள் உறையும்போது சுருங்கும். தண்ணீர் நேர்மாறு. உறைந்து ஐஸ் ஆகும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். விரிய இடமில்லை என்றால், தன்னை அடைத்துவைத்திருக்கும் பொருளை உடைத்துக்கொண்டு இடம் தேடும். அது கண்ணாடியா, வார்ப்பிரும்பா என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை.

'கார் இன்ஜினும்தானே அதே குளிரில் நிற்கிறது, அது உடைவதில்லையே' என்று கேட்கலாம். காரின் ரேடியேட்டரில் ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. எளிதில் உறையாத கூலன்ட். படகின் கதை வேறு. படகின் உள்ளே பொருத்தப்படும் 'இன்போர்டு' இன்ஜின்களில் பல, கார், டிரக்குகளுக்காக உருவான அதே வி6, வி8 ரக இன்ஜின்கள்தான். ஆனால், அவற்றுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே பம்ப் மூலம் உறிஞ்சி, இன்ஜினைச் சுற்றி ஓடவிட்டு, சூடான தண்ணீரைப் புகையோடு வெளியே தள்ளிவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு?

கோடையில் வசதியாக இருக்கும் இந்த ஏற்பாடுதான் குளிர்காலத்தில் காலை வாரும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அதன் உள்ளறைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் 'அவுட்போர்டு' மோட்டார்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவற்றை நிமிர்த்தி நிறுத்தினாலே தண்ணீர் தானாக வடிந்துவிடும். இன்போர்டில் மனிதர்தான் வடிக்க வேண்டும்.

சில படகுகளில் காரைப் போலவே கூலன்ட் சுற்றும் மூடிய அமைப்பும் உண்டு. அவையும் முழுப் பாதுகாப்பு அல்ல. அந்தக் கூலன்டைக் குளிர்விக்க ஏரித் தண்ணீர்தான் ஓடுகிறது. அந்தப் பாதையை வடித்தே ஆக வேண்டும்.

முதல் வேலை பெட்ரோலில்

இன்ஜினைக் குளிர்காலத்துக்குத் தயார்செய்வதை 'வின்டரைசிங்' என்கிறார்கள். அதில் முதல் வேலை தண்ணீரில் அல்ல, பெட்ரோல் டேங்கில் தொடங்குகிறது.

அமெரிக்க பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் ஈரமும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கிவிடும். தவிர, பழைய பெட்ரோல் பிசுபிசுப்பாகி நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால், பெட்ரோல் கெடாமலிருக்க 'ஸ்டெபிலைசர்' என்ற திரவத்தை அளவாகக் கலக்கிறார்கள். பிறகு 10, 15 நிமிடங்கள் இன்ஜினை ஓடவிடுவார்கள். மருந்து கலந்த பெட்ரோல் எல்லாக் குழாய்களுக்கும் போய்ச்சேர வேண்டும் அல்லவா?

படகு கரையில் இருந்தால், தோட்டத்துக் குழாயை இணைத்து இன்ஜினுக்குத் தண்ணீர் கொடுத்தபடிதான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், பம்ப்புக்குள் சுழலும் 'இம்பெல்லர்' என்ற ரப்பர் சக்கரம் கொஞ்ச நேரத்திலேயே உராய்ந்து பாழாகிவிடும்.

சூடாக இருக்கும்போதே ஆயில்

அடுத்தது ஆயில். 'வசந்தகாலத்தில் மாற்றிக்கொள்ளலாம்' என்று பலர் தள்ளிப்போடுவது இந்த இடத்தில்தான். ஓடிக் கறுத்த ஆயிலில் ஈரமும் அமிலங்களும் கலந்திருக்கும். ஆறு மாதம் அது உள்ளேயே கிடந்தால் பேரிங்குகளை அரிக்கும். எனவே, இன்ஜின் ஓடிச் சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறார்கள். சூட்டில் ஆயில் இளகியிருப்பதால், அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வந்துவிடும். படகில் இன்ஜினுக்கு அடியில் கை நுழைய இடமிருக்காது என்பதால், டிப்ஸ்டிக் குழாய் வழியாகச் சின்ன பம்ப் வைத்து உறிஞ்சியெடுப்பதே வழக்கம்.

கம்பி விட்டுக் குத்திப் பார்க்கணும்!

இப்போது முக்கியமான கட்டம். வி8 இன்ஜின் என்றால், பிளாக்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளில் ஒவ்வொன்று என்று தண்ணீரை வடிக்கும் திருகுகள் இருக்கும். அவற்றைக் கழற்ற வேண்டும். ரப்பர் குழாய்களில் தாழ்வான பகுதியையும் கழற்றிவிட வேண்டும். ஒரே இடத்தில் வடிக்கும் வசதி கொண்ட மாடல்களும் உண்டு. எந்த இன்ஜினுக்கு எத்தனை இடம் என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

திருகைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லை என்றால், 'உள்ளே தண்ணீர் இல்லை' என்று சந்தோஷப்படக் கூடாது. துருவும் மணலும் துளையை அடைத்திருக்கலாம். மெக்கானிக்குகள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். அடைப்பு விலகியதும் தண்ணீர் கொட்டும். குளிர்கால விரிசல்களுக்கு இந்த ஒரு கவனக்குறைவே போதும்.

வடித்த பிறகு, பலர் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸை உள்ளே செலுத்துகிறார்கள். இது புரொப்பிலீன் கிளைகாலில் செய்யப்படுவது. கார்களில் வழக்கமாகப் பயன்படும் எத்திலீன் கிளைகால் கடும் விஷம். இனிப்புச் சுவை இருப்பதால், கீழே சிந்தினால் நாய், பூனை நக்கிவிடும் ஆபத்து உண்டு. வசந்தகாலத்தில் இந்தத் திரவம் படகிலிருந்து வெளியேறும் என்பதால், விஷத்தன்மை குறைந்ததையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இதிலும் இரண்டு பொறிகள் உள்ளன. ஒன்று, வடிக்காமல் ஆன்டிஃப்ரீஸை மட்டும் ஊற்றினால், தேங்கிய தண்ணீரோடு கலந்து அதன் வீரியம் குறைந்துவிடும். இரண்டு, இன்ஜின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும். அப்போது ஊற்றுகிற திரவம் பிளாக்குக்குள் போகாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறிவிடலாம். பின்னால் இளஞ்சிவப்பு நிறம் வருவதைப் பார்த்து, 'உள்ளே நிறைந்துவிட்டது' என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. அதனால், முதலில் வடிப்பது, பிறகு ஊற்றுவது என்பதே பாதுகாப்பான வரிசை.

மிச்சமிருக்கும் சில வேலைகள்

சிலிண்டருக்குள் துருப்பிடிக்காமல் இருக்க, 'ஃபாகிங் ஆயில்' என்ற எண்ணெயைத் தெளித்து உட்புறத்தில் ஒரு படலம் பூசுகிறார்கள். கார்புரேட்டர் இன்ஜினுக்கு ஒரு முறை, ஃபியூயல் இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு வேறு முறை. கையேட்டைப் பார்த்துச் செய்வதே நல்லது.

புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர் பகுதியின் எண்ணெயையும் மாற்றுவார்கள். அது பால்போல வெளுத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீரும் உறையும், கியர் பெட்டியை உடைக்கும்.

பேட்டரியைக் கழற்றி, முழுமையாக சார்ஜ் செய்து வைப்பார்கள். முழு சார்ஜ் உள்ள பேட்டரி மினசோட்டா குளிரையும் தாங்கும். சார்ஜ் இறங்கிய பேட்டரி, மைனஸ் 10 டிகிரிக்குள்ளாகவே உறைந்து வெடித்துவிடலாம்.

கடைசியில், படகின் அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்துவிட வேண்டும். மினசோட்டாவில் இது சட்டமும்கூட. சாலையில் கொண்டுபோகும்போது படகின் வடிகால் மூடி திறந்திருக்க வேண்டும். ஓர் ஏரியின் தண்ணீரோடு அங்குள்ள உயிரினங்கள் இன்னோர் ஏரிக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். 1980-களின் இறுதியில் கப்பல்களின் நீரோடு வந்து, வட அமெரிக்காவின் பேரேரிகளில் பரவிய 'வரிக்குதிரைச் சிப்பி' கற்றுக்கொடுத்த பாடம் இது.

செலவு யார் தலையில்?

இத்தனையும் செய்ய ஒரு நாள் வேலை, கொஞ்சம் ஆயில், சில பாட்டில் ஆன்டிஃப்ரீஸ் போதும். படகுத்துறையில் ஆள் வைத்துச் செய்தால் சில நூறு டாலர் ஆகும். செய்யாமல் விட்டால் புது இன்ஜினுக்குப் பல ஆயிரம் டாலர். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைத்தால், பல பாலிசிகளில் உறைபனிச் சேதத்தை விலக்கிவைத்திருப்பார்கள். ஈடு தரும் பாலிசியிலும், படகை முறையாகத் தயார்செய்ததற்கான ரசீதைக் கேட்கலாம்.

இன்னொரு கொடுமை, விரிசல் விழுந்தது அப்போதே தெரியாது. ஐஸ் உறைந்திருக்கும் வரை எந்தக் கசிவும் இருக்காது. மாதங்கள் கழித்து, குடும்பமே முதல் சவாரிக்குக் கிளம்பும் நாளில், ஆயிலோடு தண்ணீர் கலந்து வெளுத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியவரும். கோடை அங்கே குறுகியது. இன்ஜின் மாற்றுவதற்குள் பாதி போய்விடும்.

குளிர் எட்டிப் பார்க்கும் மாநிலங்களிலும் இதே ஆபத்து உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸையே உறைய வைத்த பனிப்புயலை மறந்திருக்க மாட்டீர்கள். வழக்கமாகக் குளிராத ஊர்களில் யாரும் இன்ஜினை வடித்துவைப்பதில்லை. அதிலும், தண்ணீரில் மிதக்கும் படகை ஏரியின் வெதுவெதுப்பு ஓரளவு காக்கும். லிஃப்ட்டில் தூக்கி நிறுத்திய படகைச் சுற்றிலும் குளிர்காற்றுதான்.

ஸ்டியரிங்கில் ஒரு சீட்டு

அனுபவசாலிகள் எல்லாம் முடிந்ததும், 'இன்ஜின் வடிக்கப்பட்டிருக்கிறது, ஸ்டார்ட் செய்யாதே' என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுவார்கள். கழற்றிய திருகுகளை ஒரு பையில் போட்டு சாவியோடு சேர்த்து வைப்பார்கள். திருகை மாட்டாமல் படகை இறக்கினால், ஏரித் தண்ணீர் படகுக்குள்ளேயே பாயும்.

ஏப்ரல் நடுவில் ஏரிப்பனி விலகத் தொடங்கும். திருகுகளை மாட்டி, குழாய்களை இணைத்து, பேட்டரியைப் பொருத்தி, இன்ஜின் அறையில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெளியேற 4 நிமிடம் காற்றாடியை ஓடவிட்டு, அதன்பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். அந்த 4 நிமிடம் அமெரிக்கக் கடலோரக் காவல் படை பெட்ரோல் படகுகளுக்கு எழுதிவைத்திருக்கும் எச்சரிக்கை. அக்டோபரில் ஒரு நாள் ஒதுக்கியவருக்கு, மே மாத வேலை அவ்வளவுதான்.