பணத்தோடு இறங்கிய அதிகாரம்

1996 ஆகஸ்டில் ஈ.கே. நாயனார் தலைமையிலான கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் இனி உள்ளாட்சிகளுக்கு என்றது.

உள்ளாட்சிக்கு அதிகாரம் வேண்டும் என்று அதற்கு முன்பும் பேசாத கட்சி இல்லை. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீர், தொடக்கக் கல்வி, சிறுபாசனம் என்று 29 பொருள்களைப் பட்டியலிட்டது. ஆனால் எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பதைச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கே விட்டது. டெல்லியிடம் உரிமை கேட்டுக் குரல் எழுப்பும் மாநிலங்களும் தம் கையில் இருந்ததைக் கீழே இறக்கத் தயங்கின.

ஊராட்சிகள் முதலில் தயாராகட்டும், பணம் பிறகு என்பதுதான் எங்கும் சொல்லப்படும் வாதம். கேரளம் அதைத் தலைகீழாக்கியது. பணம் முதலில் போனது. பயிற்சி கூடவே நடந்தது. கிராம சபைகளில் மக்கள் தேவைகளைச் சொன்னார்கள். பணிக்குழுக்கள் அவற்றைத் திட்டங்களாக்கின. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் ஊதியம் வாங்காமல் மதிப்பீடுகளைச் சரிபார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, வேளாண் அலுவலகமான கிருஷி பவன் ஆகியவை ஊராட்சியின் பொறுப்புக்கு வந்தன. இவற்றைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பது மாநில பட்ஜெட்டின் நான்காம் பிற்சேர்க்கையிலேயே அச்சாகிறது. அமைச்சரின் தயவுக்காக ஊராட்சித் தலைவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. நடுத்தர வர்க்கத்தினர் கிராம சபைப் பக்கம் அதிகம் வருவதில்லை. நிதியாண்டின் கடைசி மாதங்களில் செலவுகள் அவசரமாக முடிக்கப்படுகின்றன. ஆனாலும் 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது சமூக சமையலறைகளை உடனடியாகத் திறந்தவை உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும்தான். அந்தப் பழக்கம் ஒரே இரவில் வந்ததல்ல.

தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. அதுவரை நிர்வாகம் தனி அலுவலர்களின் கையில் இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியருக்குத் தரும் 205ஆவது பிரிவும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் இடம்பெற்றது. இது மக்களாட்சிக்கு அழகல்ல.

மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாள்கள் ஊருக்கே தெரிந்தவை. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். அதைப் படித்துக் காட்டும்வரை தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள்.