சாவி கழன்று வராவிட்டால்

வத்தல்மலை ஏறி, ஓரமாக நிறுத்தி, கியரை 'பி'யில் (பார்க்) போட்டு இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். சாவி மட்டும் வர மறுக்கிறது. சாவிக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

பல ஆட்டோமேட்டிக் கார்களில் சாவித் துவாரத்திலிருந்து கியர் ராடு வரை ஒரு இன்டர்லாக் கேபிள் (இரண்டையும் பிணைக்கும் பூட்டுக் கம்பி) ஓடுகிறது. ராடு 'பி'க்கு வந்தால்தான் சாவியை விடும். சாவியைத் திருப்பினால்தான் ராடை விடும். கம்பி தளர்ந்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும். பொத்தானை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களில் பெரும்பாலும் இந்தக் கம்பி இருக்காது. மாருதியின் ஏஜிஎஸ் (ஆட்டோ கியர் ஷிஃப்ட்) கார்களில் 'பி'யே கிடையாது.

'பி'யிலிருந்து ராடு நகரவில்லையா? உடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள்; பிரேக்கை மிதித்தால்தான் ராடு 'பி'யை விட்டு நகரும். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கு எரியாவிட்டால் கோளாறு பிரேக் சுவிட்சிலோ ஃபியூஸிலோ இருக்கலாம். சரிவில் ஹேண்ட் பிரேக் போடாமல் 'பி'யில் விட்டாலும் காரின் பாரம் முழுக்க கியர்பாக்ஸில் உள்ள ஒரு சிறு கொக்கியில் ஏறி, ராடு இறுகிப்போகும். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி': இந்த வரிசை பழகினால் பாதித் தொல்லை தீரும்.

சரி, கேபிள்தான் என்று தெரிந்தால்? சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்; ராடின் பக்கத்திலேயே ஏர்பேக் வயர்கள் இருக்கலாம். ராடைச் சுற்றியுள்ள மூடியை எடுத்தால் கேபிள் முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் தெரியும். ராடு 'பி'யில் இருக்க, சாவியை உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் இடத்தில் வைத்து, கிளிப்பைத் தூக்குங்கள். உள்ளிருக்கும் ஸ்பிரிங் தொய்வை இழுத்துக்கொள்ளும். கிளிப்பை 'டக்'கென்று அமுக்கினால் முடிந்தது. எல்லாக் காரிலும் இப்படியே இருக்காது; புத்தகம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

"கேபிளையே கழற்றிவிட்டால் என்ன?" என்று சில ஒர்க்‌ஷாப்களில் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். அப்புறம் 'டி'யிலோ 'என்'னிலோ கார் நிற்க, சாவியை உருவிக்கொண்டு நீங்கள் டீ குடிக்கப் போய்விடலாம். நியூட்ரலில் விட்ட வண்டி சரிவில் என்ன செய்யும் என்பதைத் தொப்பூர் கணவாய்க்காரர்களிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் பாட்டரியை மாட்டி, காலைப் பிரேக்கில் வைத்தபடி 'ஆர்', 'என்', 'டி' மூன்றிலும் சாவியை எடுக்கப் பாருங்கள். ஒன்றில் கழன்றால்கூடக் கிளிப்பை மறுபடி தூக்க வேண்டியதுதான்.