யாரிடமிருந்து பெற்றாய்?

ஆரணியில் எங்கள் உறவினர் ஒருவர் பட்டு நூலும் சரிகையும் விற்று வருகிறார். அவருடைய மூத்த மகள் வணிகவியலில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்கிறாள். ஊரின் பட்டுச் சேலைகள் எவ்வழியே, யார் கை மாறி, எந்தப் பெயரில் விற்பனையாகின்றன என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் அவர்கள் இல்லம் சென்றிருந்தேன். அப்பெண் ஒரு கடிதத்தை என் முன் வைத்து, "மாமு, இதற்கு நான் என்ன பதில் எழுதுவது?" என்று கேட்டாள்.

அவள் கட்டுரை அனுப்பியிருந்த ஆய்விதழிலிருந்து வந்த கடிதம் அது. கட்டுரையைப் படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர், தம் பெயரை மறைத்துக்கொள்ளும் வழக்கப்படியே எழுதியிருந்தார். கட்டுரை நன்று, ஆயினும் கீழ்க்காணும் ஆறு கட்டுரைகளை மேற்கோளாகச் சேர்த்தால் வெளியிடப் பரிந்துரைக்கலாம் என்பது அதன் சாரம். ஆறு கட்டுரைகளையும் எழுதியவர் ஒருவரே! ஒன்று வங்கிச் சேவை பற்றியது. ஒன்று கைப்பேசி வாங்குவோர் பற்றியது. ஒன்று உணவு விடுதிகள் பற்றியது. பட்டு என்ற சொல் ஒரு தலைப்பில்கூட இல்லை. பெயரை மறைத்த மதிப்பீட்டாளர் யார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை.

"ஆறு வரிதானே, சேர்த்துவிட்டுப் போவதற்கென்ன?" என்றார் அவளுடைய அத்தா. மூன்றாண்டு உழைப்பு ஒரு கடிதத்தால் தடைப்பட்டு நிற்பதைக் காணும் தகப்பனாரின் கவலை அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த ஆறு வரிக்கு இன்று சந்தையில் விலை இருக்கிறது. ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் பிறர் எழுதியதை எடுத்தாளும்போது, இன்னாரிடமிருந்து பெற்றேன் என்று சொல்வதே மேற்கோள் சுட்டுதல். கடனை ஒப்புக்கொள்வது போன்ற செயல். 1964-இல் அமெரிக்காவின் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர், எந்தக் கட்டுரையை யார் யார் சுட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் அட்டவணையை வெளியிட்டார். தேடுவோருக்கு வழி காட்டுவதே நோக்கம். நாளடைவில் வழிகாட்டி தராசாகிவிட்டது. 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், ஓர் ஆய்வாளரின் மதிப்பை ஒரே எண்ணில் சொல்லும் கணக்கை வகுத்த பிறகு, பதவி, பரிசு, கல்லூரியின் தரவரிசை ஆகியவற்றிலெல்லாம் அந்த எண்ணிக்கை புகுந்துகொண்டது. எண்ணுக்கு விலை வந்தால், எண்ணைப் பெருக்கும் வழிகளும் வரத்தானே செய்யும்?

எளிய வழி, தன்னைத் தானே சுட்டிக்கொள்வது. 2019-இல் 'பிளாஸ் பயாலஜி' என்ற இதழில் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஆய்வாளர்களின் கணக்கு வெளியாயிற்று. அவர்களுள் நடுத்தரமாக நிற்பவருக்குக் கிடைத்த மேற்கோள்களில் 12.7 சதவீதம் அவருடையதோ, அவருடன் சேர்ந்து எழுதியவர்களுடையதோ ஆகும். பாதிக்கு மேல் தம்மவரிடமிருந்தே பெற்றவர்கள் குறைந்தது 250 பேர். அவ்வாண்டு ஆகஸ்டில் 'நேச்சர்' இதழ் அந்தக் கணக்கை விளக்கியபோது முன்னிறுத்திய உதாரணம் நம் சென்னையை அடுத்த தனியார் நிறுவனம் ஒன்றின் கணினி அறிவியலாளர். 2017 வரையிலான அவருடைய மேற்கோள்களில் 94 சதவீதம் இவ்வகையானவை. அக்கட்டுரையைப் படித்தபோது தமிழ்நாட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு வெட்கமாகவே இருந்தது.

2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழ் சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி பற்றி எழுதியது. மாணவர்கள் நான்கு மணி நேரத் தேர்வில் ஆய்வுக் கட்டுரைகளை எழுதுவதாகவும், அவற்றுள் பல இதழ்களில் வெளியாவதாகவும், அக்கட்டுரைகள் அதே நிறுவனத்தின் பிற கட்டுரைகளை ஏராளமாகச் சுட்டுவதாகவும் அச்செய்தி கூறிற்று. தேசியத் தரவரிசையில் பல் மருத்துவத்துக்கு முதலிடம் பெற்றிருந்த கல்லூரி அது. பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கத் தரவரிசைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலையும் பெற்றோர்கள், அந்த எண்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதையும் சற்று விசாரித்துக்கொள்வது நல்லது. 2025-ஆம் ஆண்டுத் தரவரிசையில், வெளியான பின் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை புகுத்தப்பட்டது.

அப்பெண்ணுக்கு நேர்ந்ததும் புதிதன்று. வணிகம், பொருளியல், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளின் ஆய்வாளர்களிடம் வில்ஹைட், ஃபாங் என்ற இருவர் கேட்டறிந்து 2012-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர், இதழாசிரியர்கள் தம் இதழின் கட்டுரைகளைச் சேர்க்கும்படி வற்புறுத்தியதாகச் சொல்லியிருந்தார். இவளிடம் வற்புறுத்தியவர் மதிப்பீட்டாளர்; வேறுபாடு அவ்வளவே.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறேன். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனை எழுதிய இருவருள் ஒருவர் இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்). ஹிஜ்ரி 911-இல், அதாவது 1505-இல், கெய்ரோவில் மறைந்தவர். அவர் காலத்தவரான இமாம் கஸ்தல்லானி (ரஹ்), ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய பெரியார். தம் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு, தம் பெயரைச் சொல்லாமல் விட்டார் என்று அவர்மீது சுயூத்தி குற்றம் சாட்டினார். ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல் அன்ஸாரி (ரஹ்) முன்னிலையில் வழக்கு வந்தது.

சுயூத்தி வாதாடிய முறைதான் வியப்புக்குரியது. "இவர் தம் நூலில் பல இடங்களில் பைஹகீயைச் சுட்டுகிறார். பைஹகீ எழுதிய நூல்கள் பல, இந்தச் செய்தியை எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும்" என்பது அவருடைய கேள்வி. கஸ்தல்லானியால் சொல்ல இயலவில்லை. அப்படியானால் அவர் பார்த்தது என் நூலைத்தான்; 'பைஹகீயிடமிருந்து சுயூத்தி எடுத்துரைத்தது' என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்றார் சுயூத்தி. பின்னாளில் கஸ்தல்லானி சமாதானம் வேண்டி, வெறுங்காலுடன் ரவ்ளாவிலிருந்த சுயூத்தியின் இல்லத்திற்கு நடந்து சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மன வருத்தம் தீர்ந்தது என்று உள்ளிருந்தே குரல் வந்ததாம், கதவு திறக்கவில்லையாம். (பிறர் எழுத்தை எடுத்தாண்டவர் என்று சுயூத்தியையே ஸகாவீ என்ற அறிஞர் குற்றம் சாட்டியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஹதீஸ் கலையை ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இடையிலிருந்த ஒருவரை மறைத்துவிட்டு, மேலே உள்ளவரிடமே நேரில் கேட்டது போன்ற தோற்றத்தில் அறிவிப்பதைத் 'தத்லீஸ்' என்று முஹத்திஸ்கள் பெயரிட்டுக் கண்டித்தார்கள். படிக்காத மூல நூலைப் படித்தவர் போல அடிக்குறிப்பில் எழுதும் இன்றைய வழக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

தன்னைச் சுட்டுவது எப்போதும் தவறா என்றால், இல்லை. ஒருவர் தம் முன்னைய ஆய்வின் மீது அடுத்ததைக் கட்டும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் பழையதைப் புதியது போலத் தருவதும் குற்றமே. பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் இது குறித்து அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. சுட்டிய கட்டுரை இந்த வாதத்துக்கு உண்மையில் தேவைப்பட்டதா என்பதே கேள்வி. அதை எழுதியவரின் மனச்சாட்சி அறியும். எந்தக் கணிப்பொறியும் முழுதாக அறியாது.

இவ்வளவையும் நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் சொல்லி முடிக்கவில்லை. பாதியிலேயே அவளுடைய அத்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஆரணித் தறியில் நெய்த சேலை வேறு ஊர்ப் பெயரில் கடைகளில் தொங்குவதைப் பார்த்துப் பல ஆண்டுகளாகப் புலம்பி வருபவர் அவர். "நெய்தவன் பேரை மறைக்கிறது ஒரு பொய். நெய்யாதவன் பேரைப் போடுகிறது இன்னொரு பொய். அவ்வளவுதானே?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "அந்த ஆறையும் நீ படிச்சியா?" என்று கேட்டார்.

அவள் படிக்கவில்லை. அடுத்த இரண்டு வாரங்களில் படித்தாள். உணவு விடுதிகள் பற்றிய கட்டுரையில், வாடிக்கையாளர் ஊர்ப் பெயரை நம்பி வாங்குவது பற்றி ஒரு பகுதி அவளுடைய வாதத்துக்கு உதவிற்று. அதை மட்டும் பக்க எண்ணோடு சேர்த்தாள். மற்ற ஐந்தும் தன் பொருளோடு தொடர்பற்றவை என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் எழுதி, மதிப்பீட்டாளருக்கு மட்டுமன்றி இதழாசிரியருக்கும் தனியே ஒரு பிரதி அனுப்பினாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டியபோது குரலில் சிறிது நடுக்கம் இருந்தது.

இதை எழுதும் வரை பதில் வரவில்லை. தபால்காரரை எதிர்பார்க்கும் காலம் போய்விட்டதால், அவள் அத்தா கடையிலிருந்து மதியம் ஒரு முறையும் இஷாவுக்குப் பிறகு ஒரு முறையும் கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறார்.