பக்கத்து வீட்டுப் புகைக்கும் ஒரு விதி வேண்டும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் தண்ணீர் தாராளமாக வருமா, காற்றோட்டம் உண்டா என்று விசாரிக்கிறோம். காற்றோடு சேர்ந்து பக்கத்து வீட்டு சிகரெட் புகையும் வருமா என்று யாரும் கேட்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

புகை எந்த வழியாக வருகிறது?

கீழ்வீட்டில் பற்றவைத்த சிகரெட்டின் புகை, கதவிடுக்கு வழியே படிக்கட்டுக்கு வருகிறது. குழாய்கள் ஏறும் துவாரம், சுவிட்ச் பாக்ஸைச் சுற்றியுள்ள இடைவெளி, குளியலறை வென்டிலேட்டர் எனக் கிடைத்த வழிகளில் எல்லாம் மற்ற வீடுகளுக்குள் நுழைகிறது. பால்கனியில் நின்று பிடித்தாலும், மேல்மாடி ஜன்னல் திறந்திருந்தால் புகை உள்ளே போய்விடும். காற்றோட்டமோ ஏர் பியூரிஃபையரோ இந்தப் புகையின் ஆபத்தை முழுமையாக நீக்காது என்று, அமெரிக்க அரசின் பொது சுகாதாரத் தலைமை அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் 2006 அறிக்கை சொன்னது. பிறர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமே இல்லை என்பதும் அதன் முடிவு.

யாருக்கு என்ன பாதிப்பு?

புகையிலைப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. வாழ்நாளில் சிகரெட்டையே தொடாதவருக்கும் இந்தப் புகையால் மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் வரலாம். குழந்தைகளுக்கு ஆஸ்துமா தீவிரமாகும். நெஞ்சுச் சளி, காதுத் தொற்று அடிக்கடி வரும். கைக்குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் இது ஒரு காரணம். கர்ப்பிணி இந்தப் புகையைச் சுவாசித்தால், பிறக்கும் குழந்தையின் எடை குறையலாம்.

அமெரிக்கா காட்டிய வழி

குறைந்த வருமானக் குடும்பங்கள் வாடகைக்கு வசிக்கும் பொதுக் குடியிருப்புகளுக்கு, அமெரிக்க வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுக்குள், கட்டடத்தின் பொதுப் பகுதிகளில், கட்டடத்திலிருந்து 25 அடிக்குள் எங்கும் புகைபிடிக்கக் கூடாது. 2018 ஜூலைக்குள் 9 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இதன்கீழ் வர வேண்டும் என்று கெடு வைத்தது. புகைபிடிப்பவருக்கு வீடு கிடையாது என்று அந்த விதி சொல்லவில்லை. அவர் தாராளமாகக் குடியிருக்கலாம். புகைப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். தீ விபத்து அபாயமும், காலி செய்யும் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் செலவும் குறையும் என்பது உரிமையாளருக்கும் லாபம்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை உண்டு. அந்தத் தடை அவரவர் வீட்டுக்குள் எட்டுவதில்லை. எனவே குடியிருப்போர்தான் முன்வர வேண்டும்.

- நலச்சங்கக் கூட்டத்தில் பேசி, புகைபிடிக்கத் தடையை எழுத்துபூர்வமான விதியாக நிறைவேற்றுங்கள்.
- புதிய வாடகை ஒப்பந்தத்தில் அதை ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்; ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு அவகாசம் கொடுங்கள்.
- லிஃப்ட், படிக்கட்டு, பார்க்கிங், மொட்டைமாடியில் அறிவிப்புப் பலகை வையுங்கள்.
- புகைபிடிப்பவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விட நினைப்பவருக்கு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணைச் சொல்லுங்கள்.

சிகரெட்டை விடுவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். அடுத்த வீட்டுக் குழந்தை எதைச் சுவாசிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. அடுத்த சங்கக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள்.